ரொட்டியில் அழிந்த மாவீரன்

ராட்டர்டாம் துறைமுகத்தில் தியூனிஸ் ஒரு பீர்க் குவளைக்கு மூன்று ஆங்கிலேயக் கப்பல் வீதம் வாயாலேயே மூழ்கடிப்பான். அந்தக் கடற்படையிலேயே அத்தனை கப்பல் கிடையாது. உண்மையில் அவன் 'வெள்ளைக் கரடி' கப்பலின் சமையல்காரன். சண்டை நடந்த நாள் முழுக்க அடித்தளத்தில் பட்டாணிச் சூப்புக் கொப்பரையைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தான். குண்டு பறக்குமுன் அடுப்பை அணைத்தாகிவிட்டது. ஆனால் அந்தச் சூப் மூன்று நாளானாலும் ஆறாது.

ஓவியர் லாம்பெர்ட்டுக்கு இதெல்லாம் தெரியாது. கப்பல்தலைவர் கேட்ட சண்டைப் படத்துக்கு அவர் கரியால் முன்வரைவு போட்டுக்கொண்டிருந்தார். காற்று எந்தப் பக்கம் அடித்தது என்பது தெரிந்தாக வேண்டும். அது தப்பினால் பாய், கொடி, புகை எல்லாம் தப்பு. தலைவர் படத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார். தியூனிஸ் சொல்ல ஒப்புக்கொண்டான். கூலியாகத் தன்னை மேல்தளத்தில் வாளோடு வரையச் சொன்னான். லாம்பெர்ட் பார்லி மணி அளவில் வரைந்தார். தலைவரைவிட ஒரு சுற்று பெரிது.

காரணம் மாக்டெல்ட். புகையிட்ட விலாங்கு மீன் விற்கும் விதவை. கட்டிக்கொள்கிறாயா என்று தியூனிஸ் இரண்டு வருடமாகக் கேட்கிறான். படத்தைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்வதாக அன்று கூடவே வந்திருந்தாள்.

"காத்து இடப்பக்கமிருந்துதான்யா. கப்பல் வலப்பக்கமா சாஞ்சுது. நான்தான் மேல நின்னேனே" என்று தியூனிஸ் குத்துமதிப்பாக அடித்துவிட்டான்.

மாக்டெல்ட் தாளை உற்றுப் பார்த்தாள்.

"வலப்பக்கம் சாஞ்சா கொப்பரை உன் வலது கால்லதானே கொட்டியிருக்கும்? ஒரு மாசமா வெந்துபோன உன் இடது காலுக்கு வாத்துக் கொழுப்பு தடவுனது யாரு?"

லாம்பெர்ட் கரியைக் கீழே வைத்தார். தியூனிஸின் முகம் வேகவைத்த நண்டானது.

"அப்போ உனக்குத் தெரியுமா?"

"மொத நாளே தெரியும். வாள் பிடிச்சவன் மேல பட்டாணி வாசம் வருமாக்கும்?"

லாம்பெர்ட் ரொட்டியின் மெத்துப் பகுதியைப் பிய்த்து உருட்டிக் கரிக்கோடுகளை அழிக்க ஆரம்பித்தார். முதலில் வாள்வீரன் போனான். பிறகு ஒவ்வொரு கப்பலையும் இடப்பக்கம் சாய்த்தார். பாய்கள் திரும்பின, கொடிகள் திரும்பின, புகை ஆங்கிலேயர் மூக்கைத் தேடிப் போனது. ஒரு கால் புண் ஒரு கடற்படையையே திருப்பிவிட்டது.

தியூனிஸ் தொப்பியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நகர்ந்தான். படத்திலும் இல்லை, பதிலும் இல்லை என்று நினைத்துக்கொண்டான்.

மாக்டெல்ட் மேசையில் கிடந்த அந்தக் கறுத்த ரொட்டி உருண்டையைக் காட்டினாள்.

"ஐயா, அதை மட்டும் தூக்கிப் போட்டுடாதீங்க. அதுக்குள்ள எங்க வீட்டுக்காரர் இருக்காரு."