ஜன்னலுக்கு மேலே ஒரு ராணி

தொண்ணூற்றேழு, தொண்ணூற்றெட்டு இருக்கும். விழுப்புரத்திலிருந்து பெங்களூர் போய், பூச்சிகளின் நடத்தையை ஆராயும் ஒரு பேராசிரியரிடம் உதவியாளனாகச் சேர்ந்திருந்தேன். குளவிக் கூட்டில் யார் யாரை அதட்டுகிறார்கள், யார் இரை தேடிப் போகிறார்கள் என்று பார்த்து எழுதுவதுதான் வேலை. அவர் கேட்ட மாதிரி ஒரு கூடு ரிச்சர்ட்ஸ் டவுனில், ஒரு வீட்டு மாடி ஜன்னலின் சன்ஷேடுக்கு அடியில் கிடைத்தது. எதிர்ப்பக்க நடைபாதையில் ஸ்டூல் போட்டு, பைனாகுலரும் நோட்டுமாக உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

பத்தாவது நாள் காலை, அந்த வீட்டுப் பெரியவர் நேராக என்னிடம் வந்தார். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர் என்று பிறகு தெரிந்துகொண்டேன். பின்னால் அக்கம்பக்கத்து ஆட்கள் நாலு பேர்.

"தினம் இங்க உக்காந்து யாரைப்பா பாக்குற?" என்று கேட்டார்.

"ராணியைத்தான் சார்," என்றேன் பணிவாக.

அவர் மகளின் பெயர் ராணி என்பதும், அது அவளுடைய அறை ஜன்னல் என்பதும் எனக்கு எப்படித் தெரியும்? அடுத்த நொடி என் சட்டைக் காலர் அவர் கையில் இருந்தது. கூட்டின் ராணிக் குளவியைத்தான் சொன்னேன் என்றதை யாரும் நம்பவில்லை. ஸ்டேஷனுக்கு இழுத்துப் போகலாம் என்றார் ஒருவர். பெரியவர் என் நோட்டைப் பிடுங்கிச் சத்தமாகப் படித்தார். ஒன்பது ஐந்துக்கு ராணி வெளியே வந்தாள். ஒன்பது பத்துக்கு ராணி சும்மா இருந்தாள். அவர் குரல் கோபத்தில் ஏறிக்கொண்டே போனது. ஒன்பது பதினைந்துக்கு ராணி, கிழிந்த இறக்கைக்காரியைக் கடித்தாள்.

அங்கே நிறுத்திவிட்டார்.

கேட்டருகே நின்றிருந்த மகள், "டாடி, நான் யாரையும் கடிக்கலை," என்று சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள்.

பெரியவர் பைனாகுலரை வாங்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டைக் கொளுத்துவதற்கு மண்ணெண்ணெய் வாங்கி வைத்திருந்தாராம். கெஞ்சினேன். ஆராய்ச்சி முடியும்வரை தொடமாட்டேன் என்றார். ஆனால் நோட்டில் ராணி என்று எழுதக் கூடாது. அன்றே 'தலைவி' என்று மாற்றிக்கொண்டேன். மறுநாள் காம்பவுண்டுக்குள் எனக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார். பக்கத்தில் அவருக்கும் ஒன்று.

நான் உட்கார்ந்த நாளிலிருந்து அந்த ஜன்னலைத் திறக்கவே இல்லை என்று மகள் பிறகொரு நாள் சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது. குளவி இறக்கையை அசைத்ததைக்கூட எழுதிவைத்தவன், அதற்குக் கீழே பத்து நாளாகச் சாத்திக் கிடந்த கதவைப் பார்க்கவில்லை. இன்றைக்கும் எந்த உயிரைக் கவனிக்கப் போனாலும், முதலில் கேட்டைத் தட்டி நான் யாரென்று சொல்லிவிட்டுத்தான் நோட்டைத் திறக்கிறேன்.