நடுவில் வெட்டிய பெயர்

கல்லறைக் கல் வெட்டுகிறவர் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். அதனாலென்ன? அந்தக் கத்தோலிக்கப் பங்கில் மண்ணுக்குள் போன டாக்டர், வக்கீல், தலைமையாசிரியர் எல்லாருக்கும் கடைசியாகப் பேர் எழுதினவர் அவர்தான். கட்டின துணியோடு வந்து, பிறத்தியார் பட்டறையில் கல் சுமந்து, சொந்தப் பட்டறை போட்டு, அறுக்கிற மெஷினும் இறக்கின ஆள். அவர் வெட்டின எழுத்தில் பிழை கண்டுபிடிக்கிறவன் இனிமேல்தான் பிறக்க வேண்டும்.

தொழிலில் அவருக்கு ஓர் ஒழுங்கு உண்டு. கல்யாணமானவர் செத்தால் பேரைக் கல்லின் இடப்பாதியில் வெட்டுவார். வலப்பாதியைப் பாலிஷ் போட்டு வெறுமையாக விடுவார், பின்னால் வரப்போகும் துணைக்கு. சாமியார், கன்னியாஸ்திரி, ஒண்டிக்கட்டை என்றால் பேர் நடுவில். இந்த யோசனை தன் மண்டையில் உதித்தது என்பதில் அவருக்குத் தலைகால் புரியாத பெருமை.

அந்த ஒழுங்கு அவருடைய ஒரே மகனின் கல்லில் வந்து முட்டியது.

ஓர் ஆணோடுதான் வாழப்போகிறேன் என்று மகன் சொன்ன அன்றே அவனை வாசலுக்கு வெளியே நிறுத்தியவர் அவர். பல வருஷம் கழித்து, சிறுநீரகம் கெட்டு, சவப்பெட்டியில்தான் மகன் வீடு திரும்பினான். பெட்டியோடு வந்தவர் மகனோடு வாழ்ந்த அந்த ஆள், ஒரு கணக்கு வாத்தியார். பாவத்திலேயே செத்தவனுக்குக் கோயிலுக்குள் பூசை கூடாது என்று மச்சான், மனைவியின் அண்ணன், குதித்தார். அவர் பங்குச் சபைத் தலைவர். சாமியார் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஞானஸ்நானம் வாங்கின பிள்ளைக்குக் கதவைச் சாத்த முடியாது என்று பூசை வைத்தார். வாத்தியார் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தார். அதில் வேறு யாரும் உட்காரவில்லை.

அடக்கம் முடிந்து, கல் வெட்டும் நேரம் பார்த்து வாத்தியார் பட்டறைக்கு வந்தார். கல்தூசியில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"என் பேரு வேண்டாம் ஐயா. பாதி இடம் மட்டும் விட்டுடுங்க. போதும்."

"ஒண்டிக்கட்டைக்கு நடுவுலதான் வெட்டுவேன். என் தொழில எனக்குச் சொல்லித் தர வேண்டாம்."

"அவரு ஒண்டியா சாகலையே ஐயா," என்றார் வாத்தியார்.

கல் வெட்டுகிறவர் மெஷினைப் போட்டார். அந்த இரைச்சலில் வாத்தியார் போய்விட்டார்.

வீட்டில் மனைவி விடவில்லை. மகன் மனம் மாற வேண்டும் என்று வருஷக்கணக்கில் ஜெபமாலை உருட்டினவள்தான் அவளும். ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் மட்டும் புருஷனுக்குத் தெரியாமல் போய் வந்திருந்தாள். அங்கே வாத்தியார் மகனுக்கு மூத்திரச் சட்டி எடுத்ததையும், ஈரத்துணியால் உதடு துடைத்ததையும் இப்போதுதான் வாய் திறந்து சொன்னாள். பாவமோ புண்ணியமோ, ஒரு சாண் கல்தானே, விட்டுவிடுங்கள் என்றாள்.

சாமியாரிடம் கேட்டால் தன் பக்கம்தான் பேசுவார் என்று அவர் கிளம்பினார். முதலில் அப்படித்தான் இருந்தது. ஆணும் ஆணும் வாழ்வதைத் திருமணம் என்று திருச்சபை ஏற்கவில்லை, தானும் மாற்றிச் சொல்ல முடியாது என்றார் சாமியார்.

"அப்ப நடுவுலதான் சாமி."

"கல்யாணம் இல்லன்னு சபை சொல்லுது, பெரியவரே. கல்லுல இடம் விடாதேன்னு சொல்லல. அது உங்க கோபம். அத சபை தலையில போடாதீங்க."

சாமியார் சொன்னதில் முதல் பாதியை மட்டும் மடியில் முடிந்துகொண்டு அவர் பட்டறைக்குத் திரும்பினார். சாக்கட்டியால் கோடு போட்டார். எப்போதும் வெட்டுகிற அளவைவிடப் பெரிய எழுத்தாக, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை மகன் பேரை வெட்டினார். பின்னால் ஒரு புள்ளி வைக்கக்கூட இடம் கிடையாது. உளி அத்தனை ஆழம் இறங்கியதே இல்லை. தேய்த்து அழித்தால் கல்லே போய்விடும்.

மனைவி வந்து பார்த்தாள். எழுத்துக் குழியில் விரலை விட்டு, முதலிலிருந்து கடைசிவரை தடவினாள். அழுவாள், சண்டைக்கு வருவாள் என்று அவர் தயாராக நின்றார்.

"ஏங்க, எனக்கும் நீங்கதானே கல்லு வெட்டுவீங்க?"

"இப்ப எதுக்கு அந்தப் பேச்சு?"

"என் பேரையும் நடுவுல வெட்டிடுங்க."

உளியை எந்தப் பையில் போடுவது என்று தெரியாதவர் போல அவர் நின்றார். கூட வாழ்ந்த வாழ்க்கையில் அவள் அவரிடம் ஒன்று வேண்டும் என்று கேட்டது இரண்டாவது தடவை. முதலாவதை இனிச் செய்ய முடியாது. இரண்டாவதைச் செய்யக் கை வராது.

கல் நட்ட அன்று மச்சான் எழுத்தைப் பார்த்து, அச்சடித்த மாதிரி இருக்கிறது மாப்பிள்ளை என்று தோளில் தட்டினார். மனைவி கல்லுக்கு அந்தப் பக்கம், வாத்தியாரின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சாமியார் தண்ணீர் தெளித்து ஜெபம் சொல்லி முடித்ததும், இருவரும் சேர்ந்தே நடந்து போனார்கள். அவர் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் திரும்புவாளா என்று அவருக்குத் தெரியவில்லை.