முப்பத்தாறு சுருக்குப் பைகள்

ஸ்கூட்டரம்மாவின் கிளையில் ஒரு காசு வராக்கடன் கிடையாது. அப்படியிருந்தும் மூன்று வருடமாக நஷ்டம்! சிறுகடன் வங்கியின் தலைமை அலுவலகம் மண்டையைப் பிய்த்துக்கொண்டு, கடைசியில் ஓர் ஆடிட்டரை அனுப்பியது. ஆறு மாதத்தில் கணக்கு நிமிராவிட்டால் கிளைக்குப் பூட்டு.

பதினொரு வருடமாக ஸ்கூட்டரில் வீடு வீடாகப் போய்த் தவணை வசூலிக்கும் ஸ்கூட்டரம்மாவுக்கு உள்ளுக்குள் பயம்தான். ஆனாலும் முகமெல்லாம் சிரிப்பு.

"ஏறுங்க சார். இறுக்கிப் பிடிச்சுக்கோங்க, பிரேக் கொஞ்சம் சொல்பேச்சு கேக்காது."

முதல் வீட்டில் ஒரு குழந்தையை வாங்கி ஆடிட்டர் மடியில் போட்டாள். அது அவருடைய கால்குலேட்டரைக் கடித்தது. அடுத்த வீட்டில் மாமியார், மருமகள் சண்டைக்குத் தீர்ப்பு. மூன்றாம் வீட்டில் டீ. நான்காம் வீட்டிலும் டீ. ஆறாம் வீட்டில் அவருக்கே பெண் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்!

"ஐயோ, எனக்குக் கல்யாணமாகிப் பதினஞ்சு வருஷம் ஆச்சும்மா!"

"பரவால்ல, தம்பி யாராவது இருந்தா சொல்லுங்க."

சாயங்காலம், அதே கிளையில் கடன் வாங்கியிருந்த தையல்காரம்மாவின் கடையில், வெட்டுத்துணிக் குவியல் பக்கத்தில் ஆடிட்டர் பொத்தென்று உட்கார்ந்தார்.

"நாள் முழுக்க பதினோரு வீடு! எல்லாம் குட்டிக் குட்டிக் கடன். வர்ற வட்டிய உங்க சம்பளமும் பெட்ரோலுமே முழுங்கிடுது. எல்லாரையும் ஒரே இடத்துல கூப்பிட்டா அரைமணி நேர வேலை. ஏம்மா செய்யல?"

ஸ்கூட்டரம்மாவின் சிரிப்பு உதட்டிலேயே உறைந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படித்தான் கூட்டம் போட்டாள். தவணையில் ஒரே ஒரு நோட்டு குறைந்ததற்காக ஒரு பெண் அத்தனை பேர் முன்னால் கூனிக்குறுகி நின்றாள். இனி யாரையும் அப்படி நிறுத்துவதில்லை என்று அன்றைக்கே ஸ்கூட்டரம்மா சபதம் செய்தாள்.

அதை அவள் சொல்லி முடித்ததும் தையல் இயந்திரம் சட்டென்று நின்றது.

"அந்தப் பொண்ணு நான்தான் சார்," என்றாள் தையல்காரம்மா. கண்ணில் நீர், குரலில் நெருப்பு. "எங்க அக்காவோட கிளைய மூடுவீங்களா? செவ்வாக்கிழமை காலைல எட்டு மணிக்கு இங்க வாங்க, பாக்கலாம்!"

செவ்வாய்க்கிழமை கடைக்குள் மூச்சுவிட இடமில்லை. முப்பத்தாறு பெண்கள், வெட்டுத்துணியில் தையல்காரம்மா தைத்துக் கொடுத்த முப்பத்தாறு நீலச் சுருக்குப் பைகள். எல்லாம் ஒரே அளவு. எண் மட்டும் வேறு. உள்ளே பணமும் பாஸ்புத்தகமும். ஒவ்வொருத்தியும் பையை மரப்பெட்டியில் போட்டுவிட்டு நகர்ந்தாள். யாருடையது கனம், யாருடையது காலி என்பது யாருக்கும் தெரியாது! எண்ணுவதெல்லாம் அலுவலகத்தில்தான். பணம் குறைந்த பைக்காரியின் வீட்டுக்கு மட்டும் ஸ்கூட்டரம்மா தனியாகப் போவாள்.

ஆடிட்டர் கடிகாரத்தைப் பார்த்தார். பத்தொன்பதே நிமிடம்!

மற்ற தெருக்களுக்கும் நீலப் பைகள் பறந்தன. மிஞ்சிய பொழுதில் ஸ்கூட்டரம்மா புதிதாக இருநூறு பேருக்குக் கடன் கொடுத்தாள். சம்பளம் அதேதான், பெட்ரோல் பாதிதான், வட்டி வரவு மட்டும் இரண்டு மடங்கு. ஆறாம் மாதம் ஆடிட்டரே போனில் கத்தினார்.

"லாபம்மா, லாபம்! பூட்டு வேண்டாம்னுட்டாங்க!"

அவ்வளவுதான். ஹாரனை அமுக்கியபடி தையல் கடைக்குப் பறந்தாள். பிரேக் வழக்கம்போல் சொல்பேச்சு கேட்கவில்லை. படியேறிய ஸ்கூட்டர் நேராக வெட்டுத்துணிக் குவியலில் போய்ப் புதைந்தது. உள்ளிருந்து தலை மட்டும் எழுந்தது, அழுகையும் சிரிப்புமாக.

"பொழச்சுட்டோம்டீ!"

"உங்க கிளை பொழச்சுது சரி," தையல்காரம்மா அவளை வாரி அணைத்துக்கொண்டாள். "என் கடைய மூட வச்சிடாதீங்கக்கா!"