சண்டை போடும் ஹிந்தி

"மரியாதையான ஹிந்தி எனக்கு வேண்டாம். சண்டை போடும் ஹிந்தி சொல்லிக் கொடு" என்றார் அவர், தட்டுத் தடுமாறிய ஆங்கிலத்தில்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி. அவர் காபூலில் வேதியியல் ஆசிரியையாக இருந்தவர். போருக்குத் தப்பி, பத்து வயது மகளோடு டெல்லிக்கு வந்து, போகல் என்ற பகுதியில் ஓர் அறையில் குடியிருந்தார். எனக்கு இருபத்து மூன்று வயது. அகதிகளுக்கான மொழி வகுப்பொன்றில் சம்பளமில்லாமல் பாடம் எடுத்தேன். அந்த வகுப்பு மூடப்பட்டதும், ஆர்.கே.புரத்தில் அப்பாவுக்குக் கொடுத்திருந்த அரசாங்கக் குவார்ட்டர்ஸுக்கே பஸ் ஏறி வர ஆரம்பித்தார்.

மகளைச் சேர்க்கச் சொல்லி ஒரு பள்ளிக்கு மூன்று முறை போயிருந்தார். மூன்று முறையும் தலைமையாசிரியை இவர் முகத்தைப் பாராமல், துணைக்குப் போன பக்கத்து வீட்டுக்காரரிடமே பேசித் திருப்பி அனுப்பிவிட்டாராம்.

சண்டை போடும் ஹிந்தி என்னிடமும் இல்லை. டெல்லியில் பிறந்து வளர்ந்தும், யாராவது "மதராஸி" என்று கேலி செய்தால் சிரித்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும் என்று அப்பாவிடம் பழகியிருந்தேன். அதனால் காய்கறிக் கடையிலும் பஸ்ஸிலும் காதைத் தீட்டிக்கொண்டு நின்று, பெண்கள் எப்படி விட்டுக்கொடுக்காமல் பேசுகிறார்கள் என்று கேட்டு நோட்டில் எழுதி வந்தேன்.

ஹிந்தியில் கதவு ஆண், மேஜையும் புத்தகமும் பெண் என்று சொன்னபோது அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"தர்வாஸா, மேஸ், கிதாப் எல்லாம் எங்கள் பாரசீக வார்த்தைகள். எங்கள் வீட்டில் அவை ஆணுமில்லை, பெண்ணுமில்லை. இவர்கள் யார் அதை மாற்ற?"

"எங்கள் தமிழிலும் மேஜை வெறும் மேஜைதான்" என்றேன். முதல்முறையாக இருவரும் சேர்ந்து சிரித்தோம்.

எல்லாம் சிரிப்பாகவே போகவில்லை. ஒருநாள் இறைச்சி வைத்த கொழுக்கட்டை போன்ற ஒன்றைச் செய்து கொண்டுவந்தார். நாங்கள் சைவம் என்று டப்பாவைத் திறக்கக்கூட விடவில்லை நான். அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரம் உருளைக்கிழங்கு வைத்து அதையே செய்து வந்து, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை புத்தகத்தைத் திறக்கவில்லை.

பிறகு அப்பா ஆரம்பித்தார்.

"கீழ்வீட்டுக்காரர் கேக்குதார்மா. வெளிநாட்டுக்காரங்க வந்து போறாங்களே, உள்வாடகைக்கு விட்டிருக்கீங்களான்னு. யாராவது ஆபீஸுக்கு எழுதிப் போட்டா என் வேலை என்ன ஆகும்? நமக்கு எதுக்கு வம்பு?"

"நான் நிறுத்த மாட்டேன்ப்பா."

"வீட்டுல வேண்டாம்னுதான் சொல்லுதேன்."

"சரி, வீட்டுல வேண்டாம்."

மறுநாளே குவார்ட்டர்ஸ் நடுவில் இருந்த புல்வெளியில் பாயை விரித்தேன். குளிர்கால வெயிலில் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாருக்கும் எங்கள் குரல் கேட்டது. கீழ்வீட்டுக்காரர் வந்து நின்றார்.

"மதராஸி ஹிந்தி சொல்லித் தருகிறாளா?" என்று ஹிந்தியில் கேட்டுச் சிரித்தார்.

இந்த முறை நான் நகரவில்லை.

"ஹாங்ஜி அங்கிள். நீங்களும் உட்காருங்கள், இடம் இருக்கிறது" என்றேன் ஹிந்தியில். ஸ்வெட்டர் பின்னிய பெண் ஒருத்தி சிரித்துவிட்டாள். கீழ்வீட்டுக்காரர் போய்விட்டார். அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நான் பாயைச் சுருட்டவும் இல்லை.

மார்ச் மாதம் பள்ளிக்கு நானும் கூடப் போனேன். தலைமையாசிரியை வழக்கம்போல என்னைப் பார்த்தே, "பழைய பள்ளியின் சான்றிதழ் எங்கே?" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. அப்படித்தான் பேசி வைத்திருந்தோம்.

"மேடம், முஜ்ஸே பாத் கீஜியே" என்றார் அவர். என்னிடம் பேசுங்கள். "அந்தப் பள்ளியே இப்போது இல்லை. சான்றிதழை எங்கே போய்க் கேட்பேன்? என் மகள் வெளியே இருக்கிறாள். பரீட்சை வையுங்கள்."

பள்ளிக்கும் பரீட்சைக்கும் ஆண் பெண் எல்லாம் தலைகீழாகப் போயிற்று. ஆனாலும் ஒரு வார்த்தைகூடப் புரியாமல் போகவில்லை. முடியாது என்றார் தலைமையாசிரியை. இவர் எழுந்திருக்கவில்லை. பள்ளி மூடும்வரை நாற்காலியில் இருந்தார். மறுநாளும் போய் இருந்தார். மூன்றாம் நாள் சிறுமிக்குக் கணக்கும் ஆங்கிலமும் பரீட்சை வைத்து, ஐந்தாம் வகுப்புக்குப் பதில் நான்காவதில் சேர்த்துக்கொண்டார்கள்.

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை.

"நான்காவது ஏன்? கணக்கில் முழு மதிப்பெண்" என்றார் வெளியே வந்ததும். "நாளை மறுபடி போகலாம். நோட்டை எடு."