ஊற வைக்காத கரி

கவரைப்பேட்டை ஸ்டேஷனைத் தாண்டி எங்களுக்கு முப்பது சென்ட் நிலம். மணல் வாகு. காலையில் ஊற்றின தண்ணீர் மத்தியானம் இருக்காது. கம்பெனிக்குப் போகிற என் மகன் சொல்லிவிட்டான்.

"இந்த வாட்டியும் கத்திரி வரலன்னா லாரி நிறுத்த வுட்டுடலாம்மா. இன்னாத்துக்கு சும்மா தண்ணி ஊத்திக்கினு?"

அவன் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அந்த நிலம் போனால் நாள் பூராவும் நான் எங்கே போவேன் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அந்தச் சமயம் விவசாய ஆபீஸ் அம்மா ஒருத்தர் எங்கள் மகளிர் குழுவுக்கு வந்தார். வேலிகாத்தான் கட்டையைக் குழியில் எரித்து, சாம்பலாகும் முன்னே தண்ணீர் ஊற்றி அணைத்து, அந்தக் கரியை மண்ணில் கலக்கச் சொன்னார். தண்ணீரைப் பிடித்து வைக்குமாம். பல வருஷம் மண்ணிலேயே கிடக்குமாம். நான் கடைசியில், கதவோரம். ரோட்டில் போகிற வண்டிச் சத்தத்தில் பாதி காதில் விழவில்லை. "புரிஞ்சுதா?" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

கரி சுட்டு, இடித்து, கத்திரி நட்ட பாத்தியில் கலந்தேன்.

"மண்ணுக்குக் கறி போடுது எங்க அத்த. ஊட்ல ஞாயித்துக்கெழமகூட ரசம்தான்" என்று மருமகள் தெருவுக்கே சொன்னாள்.

கொஞ்ச நாளில் இலையெல்லாம் மஞ்சள். கரி போடாத ஓரத்துச் செடி மட்டும் பச்சையாக நின்றது. மகன் வந்து பார்த்தான். மறுநாள் லாரிக்காரர் ஒருவர் வந்து இடத்தைக் காலால் அளந்துவிட்டுப் போனார்.

அடுத்த கூட்டத்தில் ஆபீஸ் அம்மா முன்னால் எழுந்து நின்றேன். "என் செடி மஞ்சளாயிடுச்சும்மா."

"கரிய ஊற வெச்சுப் போட்டீங்களா?"

"ஊற வெக்கணுமா?"

"ஆமாம்மா. வெறும் கரி பசியோட இருக்கும். சாணி, கோமியம் கரைச்சு ரெண்டு வாரம் ஊற வெக்கணும். இல்லன்னா செடி திங்க வேண்டியத அது தின்னுடும்."

முன் வரிசையில் எப்போதும் சத்தமாகப் பேசுகிற ஒருத்தி திரும்பினாள். "அதான் என் வெண்டையும் மஞ்சளா கீதா?"

"நீ முன்னாடிதானேடி குந்திக்கினு இருந்த?" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"குந்தினா காது கேக்கணும்னு சட்டமா?"

விசாரித்தால், கரி போட்டவர்களில் ஒருத்தர்கூட ஊற வைக்கவில்லை. அந்த அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். போட்ட கரியை எடுக்க வேண்டாம், கரைசலைத் தண்ணீரில் கலந்து வேரோரம் ஊற்றுங்கள் என்றார்.

எதிர்வீட்டில் மாடு இருக்கிறது. தினம் ஒரு குடம் கரைத்து ஊற்றினேன். பழைய இலை உதிர்ந்தது, புதுத் தளிர் பச்சையாக வந்தது. மணலும் சாயங்காலம் வரை ஈரமாக இருந்தது.

பூ வைத்த வாரம் லாரிக்காரர் மறுபடி வந்தார். நான் குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை. மகன் ஒரு செடியின் கிளையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "காய் எறங்கட்டும்ண்ணே. அப்பால பேசிக்கலாம்" என்றான்.

ஒரு போகத்துக்குத்தான் தவணை சொன்னான். அவர் போனதும், அடுத்த குழிக்கு வேலிகாத்தான் வெட்டக் கத்தியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.