சூட்டைக் குறைத்த கை

ஓவனின் சூட்டைக் குறைத்தது நான்தான். என் மனைவி ஸ்டெல்லா அல்ல. அவளிடம் சொல்லத் துணிவில்லாமல் உங்களிடம் சொல்கிறேன்.

விம்கோ நகரில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் ஆட்களைக் குறைத்தார்கள். முதலில் வெளியே வந்தவர்களில் நானும் ஒருவன். அந்த மாதங்களில்தான் ஸ்டெல்லா, ராயபுரத்தில் எங்கள் குறுகிய சமையலறையில், போர்ச்சுகல் நாட்டுக் கஸ்டர்ட் டார்ட் செய்யப் பழகினாள். கைப்பேசியில் பார்த்துப் பார்த்துத்தான். மாவில் வெண்ணெய் பரப்பி மடிக்க வேண்டும்; நம்மூர் வெக்கையில் அது உருகி வழிந்துவிடும். ஐஸ் வைத்த தட்டின் மேல் போட்டுத் தேய்ப்பாள். மஞ்சள் கருவும் பாலும் பாகும் கலந்து ஊற்றி, மேலே கருகிய புள்ளிகள் விழும்வரை முழுச் சூட்டில் வைப்பாள். எத்தனை முறை தோற்றாள்! பிறகு ஒருநாள் கை வந்துவிட்டது. கடித்தால் நொறுங்கும், உள்ளே இளஞ்சூடாய்க் குழையும்.

தெருவே அவளைத் தேடி வந்தது. "டார்ட்டு அக்கா வூட்டுக்காரரு" என்று என்னைக் காட்டினார்கள். என் பெயர் எங்கே போயிற்று? சிரித்தபடிதான் நின்றேன்...

வண்ணாரப்பேட்டையில் பேக்கரி நடத்தும் ஒருவர், ருசி பிடித்தால் வாரந்தோறும் எடுத்துக்கொள்வதாகச் சொல்லி, வீட்டுக்கே வருவதாக இருந்தார். அன்று காலை தட்டை உள்ளே வைத்துவிட்டு, "குளிச்சிட்டு வந்துர்றேன், கொஞ்சம் பாத்துக்கய்யா" என்று போனாள்.

குமிழைத் திருப்பினேன். பாதிச் சூடு. குளியலறைத் தாழ்ப்பாள் திறக்கும் சத்தம் கேட்டதும் பழையபடி ஏற்றிவைத்தேன்.

ஏன் செய்தேன்? வெறுப்பா? இல்லை... அவள் ஒரே ஒருமுறை தோற்க வேண்டும் என்றிருந்தது.

டார்ட்டுகள் வெளுத்துக் கிடந்தன. அடியில் வெண்ணெய் தேங்கியிருந்தது. வந்தவர் ஒரு வாய் கடித்து, மீதியைத் தட்டில் வைத்தார். "மாவு வேகலியேம்மா" என்று எழுந்துகொண்டார்.

இதுகூடப் பெரிதல்ல. கேளுங்கள்.

அவர் போனதும் ஸ்டெல்லா கேட்டாள்: "நான் ஃபுல்லாத்தானே வெச்சேன்? நீ பாத்தே இல்ல?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம்...

"கம்மியாத்தான் வெச்சிருந்தே. நான்தான் அப்பால பாத்து ஏத்துனேன்" என்றேன்.

நம்பினாள். தன் கண்ணை நம்பாமல் என்னை நம்பினாள்.

அதன் பிறகு அவள் டார்ட் செய்யவேயில்லை. எண்ணூரில் எனக்கு வேறு வேலை கிடைத்தது. ஒருநாள் நானே வெண்ணெய் வாங்கிவந்து, "செய்யேன்" என்றேன். "வாணாய்யா. எனக்கு எதுவும் மனசுல நிக்க மாட்டேங்குது" என்றாள். அந்த வெண்ணெய் பல நாள் ரொட்டிக்குத் தடவித் தீர்ந்தது. நான் வெறும் ரொட்டியைத்தான் தின்றேன்.

இன்று காலை பூசைக்குக் கிளம்பித் தெருமுனைவரை போனவள் நின்றுவிட்டாள்.

"கேஸை மூடினேனா?"

"மூடிட்டே."

"நீ கண்ணால பாத்தியா?"

"பாத்தேன்."

அவள் முகம் தெளிந்தது. "நீ மட்டும் இல்லேன்னா நான் இன்னா பண்ணுவேன்" என்று என் கையைப் பற்றிக்கொண்டாள்.

மாதா கோயில் வாசல்வரை அவள் விடவில்லை. நானும் விடுவித்துக்கொள்ளவில்லை.