காப்புக் கட்டிய ஊரில் என் மகள் பிழைத்த கதை

மாரியம்மனை நம்பும் சொந்தங்களே, போன பங்குனியில் என் மகள் தேன்மொழி சாகக் கிடந்தாள். அவளை ஆத்தா எனக்குத் திருப்பிக் கொடுத்தாள். அதைச் சொல்லத்தான் வந்தேன். ஆனால் முழுதும் சொல்வேன். பாதியில் எழுந்து போகாதீர்கள்.

கீரமங்கலத்துக்குப் பக்கத்து ஊர் எனக்கு. மல்லிகைத் தோட்டம் வைத்திருக்கிறேன். தெக்கத்தியான் என்பதில் எனக்கு அப்படி ஒரு திமிர். பக்தி என்றால் நாம்தான், கட்டுப்பாடு என்றால் நாம்தான், வடக்கத்தியானுக்கு என்ன தெரியும் என்று டீக்கடையில் உட்கார்ந்து பேசுவேன். என் தோட்டத்தில் பூப்பறித்தவனோ பீகார்க்காரன். பெயர் சுனில். மூன்று வருஷமாக என்னிடம் வேலை பார்த்தான், தமிழ் நன்றாகவே பேசுவான்.

எங்கள் ஊரில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால் எட்டு நாள் யாரும் வெளியூரில் இரவு தங்கக்கூடாது. தங்கினால் ஊருக்கு ஆகாது என்பார்கள். காப்புக் கட்டிய மூன்றாம் நாள் சுனில் வந்து நின்றான். நாலு வயது மகனுக்கு மஞ்சள் காமாலை முற்றிவிட்டதாம், மனைவி போனில் அழுகிறாளாம், ஊருக்குப் போக வேண்டும் என்றான்.

"காப்புக் கட்டியாச்சு. திருவிழா முடியட்டும், போ" என்றேன். அவன் மறுபடி கெஞ்சினான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. சாமி குத்தம் தெரியுமா உனக்கு என்று கத்தினேன். ஆதார் அட்டையோடு அவன் பையைப் பிடுங்கி என் வீட்டுக்குள் வைத்துப் பூட்டினேன்.

இப்போது உண்மையைச் சொல்கிறேன். ஊர் வரிப் பட்டியலில் அவன் பெயர் கிடையாது. கோயில் வரிசையில் முன்னால் நின்றால் பின்னால் போகச் சொல்வோம். ஊரை விட்டுப் போகிறேன் என்றபோது மட்டும் அவன் ஊர்க்காரனாகிவிட்டான். அது பூ நன்றாக விலை போகிற நேரம், பறிக்க ஆள் வேண்டும். அதைச் சொல்ல வெட்கப்பட்டு ஆத்தாளை முன்னால் நிறுத்தினேன்.

ஆறாம் நாள் விடிந்ததும் பூப்பறிக்க என்னோடு வந்த தேன்மொழியைக் கண்ணாடி விரியன் கடித்துவிட்டது. ஒன்பது வயதுப் பிள்ளை. காலைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். சுனில்தான் ஓடிவந்து தூக்கினான். நான் பைக்கை ஓட்ட, அவன் பின்னால் அவளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். வழியெல்லாம் அவன் சட்டை மேல் வாந்தி எடுத்தாள். அறந்தாங்கி போய்ச் சேருவதற்குள் பல் ஈறில் ரத்தம் கசிந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் தரையில் விழுந்து அழுதேன். ஆத்தா, என் பிள்ளையைக் கொடு, வேறு எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்று வேண்டினேன். அப்படியேதான் வேண்டினேன்.

சாயங்காலம் டாக்டர் வந்தார். பிள்ளை பிழைத்துவிட்டாள், மூன்று நாள் இங்கேயே தங்க வேண்டும் என்றார். எத்தனை நாள் வேண்டுமானாலும் தங்குகிறோம் சார் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். காப்புக் கட்டியது எனக்கு ஞாபகமே இல்லை. ஊருக்குத்தான் உபதேசம்.

சுனில் எழுந்து வந்தான்.

"அண்ணே, நீங்க வெளியூர்ல தங்குறீங்க. இப்ப நான் போகலாமா?"

எனக்குச் செருப்பால் அடித்தது போல இருந்தது. போப்பா, பையைக் கொடுத்துவிடச் சொல்கிறேன் என்றேன். மகன் எப்படி இருக்கிறான் என்றும் கேட்டேன்.

"முடிஞ்சிருச்சுண்ணே. நேத்து காலையில."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா விட்டிருப்பீங்களா?"

தன் பிள்ளை செத்த மறுநாள் என் பிள்ளையை மடியில் தாங்கியிருக்கிறான். ஏன் தாங்கினான் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அந்த வாந்திச் சட்டையோடே பையை வாங்கப் பஸ் ஏறினான். அப்புறம் பத்து தடவை போன் போட்டேன், எடுக்கவில்லை.

இந்த வருஷம் காப்புக் கட்டுமுன் ஊர்க்கூட்டத்தில் எழுந்து நடந்ததைச் சொன்னேன். வேலைக்கு வந்தவர்களைக் காப்பைச் சொல்லித் தடுக்கக்கூடாது என்று கேட்டுக்கொண்டேன். பாதிப் பேர் முறைத்தார்கள், ஆனாலும் முடிவாயிற்று. டீக்கடைப் பேச்சை விட்டுவிட்டேன். தெக்கு வடக்கு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிறேன்.

சொந்தங்களே, ஆத்தாளை நம்பிக் கேளுங்கள். அவள் கொடுப்பாள், தகுதி பார்க்கமாட்டாள். பார்ப்பவளாக இருந்தால் எனக்குக் கொடுத்திருப்பாளா? என் மகள் இன்று பள்ளிக்கூடம் போகிறாள், சிரிக்கிறாள், கோடி கும்பிடு போடுகிறேன். அந்த வராந்தாவில் மறுபடி என்னைத் தள்ளி, சுனில் மகனா உன் மகளா என்று ஆத்தா கேட்டால், என் மகள் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். அதையும் அவளிடமே சொல்லி அழுகிறேன்.